மதுரைச் சீமையின் சரித்திரம்
அத்தியாயம் 14: மாண்டோர் உறையும் மண்

சென்ற அத்தியாயத்தில் வைகையின் வடகரைக் கண்மாய்களையும், அவற்றின் மடை, கலுங்குகளையும், அவற்றைப் பராமரித்து வந்த கிராம ஏற்பாடுகளையும் பற்றி ஒருவாறு விரிவாகவே பார்த்தோம். அந்தக் கண்மாய்க் கரைகளின் மேல் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமலிருக்க முடியாது: அநேகமாக ஒவ்வொரு கண்மாயின் கடைக்கோடியிலும், அல்லது ஓடை வந்து சேரும் மேட்டிலும், உழவர் ஏர் கொண்டு தொடாத ஒரு துண்டு நிலம் எருக்கும் வேலிக்கருவையும் மண்டிக் கிடக்கும். அலங்காநல்லூரிலிருந்து சிக்கந்தர் சாவடி வழியாகக் கூடல் நகரைக் கடந்து தத்தனேரிக்கு வரும் சாலையில் எத்தனை ஊர்கள் உண்டோ, ஏறக்குறைய அத்தனை ஊர்களுக்கும் அப்படியொரு நிலம் உண்டு. மதுரைச் சரித்திரத்தை எழுதியவர்கள் பாண்டியரின் சாசனங்களையும், நாயக்கரின் மண்டபங்களையும், கும்பினியாரின் கடிதப் போக்குவரத்தையும் ஆதாரமாகக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். மாண்டோரை இட்ட நிலங்களை முழுமையாக ஓர் ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட சரித்திரம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் குறையை இந்த ஓர் அத்தியாயம் தீர்த்துவிடாது. ஆனால் ஒரு தொடக்கமாகவாவது அமையக்கூடும்.

இந்த நிலங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து பார்க்கையில் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்து இதுதான்: ஒரு சமாதியை நிலைநிறுத்துவது அதன் கல்லோ, அதில் உறங்குபவரின் அந்தஸ்தோ அன்று, பின்வந்த ஜனங்களில் எவரேனும் அங்கே வந்து விளக்கேற்றினார்களா என்பதே. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டு வெளிவீதிகள் உண்டாயின. திருமலை நாயக்கரின் அரண்மனையில் எஞ்சியிருப்பது ஒரு பகுதி மாத்திரமே. ஆனால் தூக்கிலிடப்பட்டு, உடலும் துண்டிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு கலகத் தளபதியின் கல்லறை இன்றுவரை ஜனங்கள் வந்துபோகும் இடமாக இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் மிகப் பழைய காலம். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியின் பெயரை இன்று அறியாத தமிழர் இல்லை. அங்கே கிடைத்த பொருள்களில் ஒன்று கரிமப் பகுப்பாய்வின்படி கி.மு. 580ஆம் ஆண்டளவுக்குரியது என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டபோது நாடெங்கும் எழுந்த உற்சாகம் நமக்கு ஞாபகமிருக்கும். ஆனால் கீழடியில் கிடைத்தவை பெரும்பாலும் வாழ்ந்தோரின் செங்கற் சுவர்களும், உறைகிணறுகளும், பானையோடுகளுமே. அங்கே வாழ்ந்தோர் மரித்தபின் எங்கே சென்றார்கள் என்னும் கேள்விக்கு விடை பக்கத்து ஊராகிய கொந்தகையில் இருந்தது. 2020இல் தொடங்கிய ஆறாம் கட்ட அகழாய்வில் கொந்தகையின் நிலத்தைத் தோண்டியபோது, கழுத்துவரை மண்ணில் புதைந்து, காலத்தின் பாரத்தால் விரிசலுற்று நின்ற முதுமக்கள் தாழிகள் ஒன்றையடுத்து ஒன்றாக வெளிப்பட்டன. சிலவற்றில் எலும்புக்கூடு முழுமையாக இருந்தது. சிலவற்றில் வேறெங்கோ வைத்திருந்து பின்னர் பொறுக்கிச் சேர்த்த எலும்புகள் மாத்திரமே இருந்தன. உள்ளேயும் சுற்றிலும் கறுப்பு சிவப்பு நிறச் சிறு கலயங்களும், இரும்புக் கருவிகளும் வைக்கப்பட்டிருந்தன. 2022இல் ஒரே தாழியிலிருந்து 74 சூதுபவள மணிகள் எடுக்கப்பட்டன. சூதுபவளம் வைகைச் சமவெளியில் விளையும் கல் அன்று. வெகுதூரத்து வணிகத்தின் மூலமாக வந்திருக்க வேண்டியது. அப்படி அருமையாக வந்து சேர்ந்த மணிகளை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இறந்தவரோடு மண்ணுக்குள் அனுப்பிவிட்ட ஒரு குடும்பத்தின் துக்கத்தை நாம் இவ்வளவு காலம் கடந்தும் ஓரளவு ஊகிக்கலாம்.

கொந்தகை மண்டையோடுகளில் இரண்டைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, அவ்விரு ஆடவர்களின் முகங்களும் உயிரோடிருக்கையில் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை உருவாக்கி, 2025இல் வெளியிட்டார்கள். பெயரும் ஊரும் குலமும் தெரியாத அவ்விருவரின் முகங்கள் திருப்புவனம் சந்தையிலோ மாட்டுத்தாவணியிலோ நாம் தினந்தோறும் காணும் முகங்களைப் போலவே இருக்கின்றன என்று பார்த்தவர்கள் பலரும் சொன்னார்கள். அது விஞ்ஞான ரீதியான முடிவாகாது என்றாலும், அந்த மண்ணில் உறங்குகிறவர்களை அந்நியராக எண்ண ஜனங்களுக்கு மனம் வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கொந்தகைக்கு வாய்த்த பாக்கியம் மற்ற ஈமக்காடுகளுக்கு வாய்க்கவில்லை. அனுப்பானடியிலும் பரவையிலும் தாழிகள் இருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே அலெக்ஸாண்டர் ரீ என்னும் தொல்லியல் அதிகாரி கண்டறிந்து எழுதினார். பழங்காநத்தத்தில் கோவலன் வெட்டுண்ட இடமென்று ஜனங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கோவலன் பொட்டலில், 1980இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோதும் தாழிகளும் எலும்புகளும் வெளிப்பட்டன. கொலையுண்ட ஒருவனுடைய ஞாபகத்தை ஊரார் கொண்டுபோய் ஒப்படைத்த அந்தப் பொட்டல், உண்மையிலேயே மாண்டோரின் நிலமாக இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியத்தைத் தருகிறது. காரணம் மறந்துபோன பிறகும், அந்த மண்ணுக்கும் மரணத்துக்கும் உள்ள சம்பந்தம் ஜனங்களுடைய நினைவில் ஏதோ ஒரு விதமாகத் தங்கியிருந்திருக்கிறது. இன்றோ அனுப்பானடியும் பழங்காநத்தமும் நெருக்கமான குடியிருப்புகள். அங்கே கடைக்கால் தோண்டும்போது தாழியின் வாய் தென்பட்டால், அதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் அறியேன்; வேலை நின்றுபோய்விடும் என்னும் பயத்தில் இரவோடிரவாக மண்ணைத் தள்ளி மூடிவிடுவோரே அதிகம் என்று கொத்தனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது மனத்தை மிகவும் வருத்துகிறது.

மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாடு வருணிக்கப்படும் இடத்தில், சுடுதல், வெறுமனே இட்டுச் செல்லுதல், குழி தோண்டிப் புதைத்தல், பள்ளத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என்று பிணங்களை அடக்கும் ஐவகை முறைகள் கூறப்படுகின்றன. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே மதிலுக்குள் இவ்வளவு முறைகளுக்கும் இடமிருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்த அத்தியாயத்தின் இறுதியில் அது வேண்டியிருக்கும்.

வைகையை எதிர்த்து மேற்கே போனால், தேனி மாவட்டத்தில் ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மடிந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. இந்தியாவில் இதுவரை கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழமையானவற்றுள் இவை எண்ணப்படுகின்றன. அரசனுடைய விருதுகளைச் சொல்லவோ, தானத்தைப் பதியவோ எழுதாமல், மாட்டுக்காக உயிர்விட்ட ஒரு சாதாரண வீரனின் பெயரை மறவாமலிருப்பதற்காக ஒரு கிராமத்தார் கல்லில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மரபின் மறுபாதி அலங்காநல்லூர் வட்டாரத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே மாட்டுக்காக மனிதனுக்குக் கல் நட்டார்கள். இங்கே மாட்டுக்கே மனிதனுக்குரிய சகல மரியாதைகளும் செய்கிறார்கள். வாடிவாசலில் பிடிபடாமல் பேர் வாங்கிய காளை இறந்தாலும், ஊருக்குப் பொதுவான கோயில் காளை இறந்தாலும், அதன் உடலை மஞ்சள் நீரால் கழுவி, கொம்புகளில் சந்தனம் குங்குமம் அப்பி, பந்தலின் கீழே கிடத்துகிறார்கள். உறவின்முறையார் மாலையும் வேட்டி துண்டும் கோடியாகக் கொண்டுவந்து போர்த்துகிறார்கள். பெண்கள் காளையின் பெயர் சொல்லி, அது வாடியை விட்டுப் பாய்ந்த அழகைச் சொல்லி ஒப்பாரி வைக்கிறார்கள். கொட்டு முழங்க ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயிலுக்கு அருகிலோ, வளர்த்தவருடைய தோட்டத்திலோ புதைத்து, குழிமேட்டில் பால் ஊற்றுகிறார்கள். சிலர் மேடை கட்டி, வருஷந்தோறும் பொங்கலன்று படையல் இடுவதும் உண்டு. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு அமலில் இருந்த சமயத்தில், அலங்காநல்லூரை அடுத்த முடுவார்பட்டியில் கோயில் காளை இறந்தபோது, சட்டத்தையும் நோயையும் கருதாமல் ஜனங்கள் திரண்டுவிட்டார்கள். ஏறத்தாழ 3,000 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. அந்தச் சமயத்தில் அப்படிக் கூடியது ஆபத்தான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் சொந்தமான ஒரு பிராணியைத் துணையின்றிக் குழிக்கு அனுப்ப அவர்களால் இயலவில்லை என்பதையும், அந்தச் செய்கையின் வேர் புலிமான்கோம்பைக் கல்வரையில் போகிறது என்பதையும் சரித்திரம் எழுதுகிறவன் சொல்லாமலிருக்கலாகாது.

இனி பதினான்காம் நூற்றாண்டு. டில்லியின் அதிகாரத்தை உதறிவிட்டு 1335ஆம் ஆண்டை ஒட்டி மதுரையில் தனி சுல்தானியம் நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸனுடைய மகளை மணந்தவர், உலகம் சுற்றிய இபின் பதூதா. அவர் கியாசுத்தீன் தாமகானியின் காலத்தில் மதுரைக்கு வந்தபோது, நகரில் கொள்ளைநோய் பரவி, ஜனங்கள் இரண்டொரு நாளிலேயே மடிந்துகொண்டிருந்தார்கள். வெளியே போனால் நோயாளியையோ பிணத்தையோ தவிர வேறு காணவில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதி வைத்திருக்கிறார். சுல்தானின் குடும்பமும் தப்பவில்லை. சுல்தானும் விரைவிலேயே இறந்தார். அந்த ஆண்டில் இறந்த ஆயிரக்கணக்கான சாமானியர்களை எங்கே புதைத்தார்கள், எங்கே எரித்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளமும் இன்று இல்லை.

அந்த சுல்தான்கள் கட்டிய அரண்மனையோ, தாணையமோ மதுரையில் மிஞ்சவில்லை. 1378க்குள் அந்த ஆட்சியே விஜயநகரத்தாரால் முடிவுற்றது. ஆயினும் வைகையின் வடகரையில், கோரிப்பாளையத்தில், சுல்தான் அலாவுதீன், சுல்தான் ஷம்சுதீன் என்னும் இரு பாதுஷாக்களின் அடக்கத்தலம் பெரிய கவிகையின் கீழே அன்று முதல் இன்றுவரை நிற்கிறது. அந்தக் கவிகைக்கான கல் அழகர்மலையிலிருந்து வந்தது என்பது ஜனங்களிடையே வழங்கும் ஐதிகம். எனக்கு இவையெல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது தர்காவிலுள்ள கல்வெட்டே. பாண்டிய மன்னர் ஒருவர் அத்தலத்துக்கு விட்ட ஆறு கிராமங்களைப் பற்றிப் பிற்காலத்தில் தகராறு எழுந்தது. அந்த வழக்கு 1573ஆம் ஆண்டில் மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கரிடம் வந்தது. சுல்தானியத்தை அழித்த விஜயநகரத்தாரின் பிரதிநிதியாக வந்த வம்சத்தவர் அவர். பழைய பகையைக் காரணம் காட்டித் தானத்தை ரத்து செய்திருந்தால் அவரைத் தடுப்பார் எவருமில்லை. அவரோ பத்திரத்தை விசாரித்து, அந்த நிலம் தர்காவுக்கே உரியது என்று தீர்ப்புச் செய்து கல்லில் வெட்டுவித்தார். தோற்கடிக்கப்பட்ட அரசனின் கல்லறைக்கு வென்ற தரப்பார் நிலத்தை உறுதி செய்துகொடுத்த இந்த நிகழ்ச்சி, மதுரைப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டியது. சித்திரை மாதத்தில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் இடமும், இந்த தர்காவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எதிர்சேவைக்கு வந்த கிராமத்தார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தர்காவிலும் ஓதி ஊதிக்கொண்டு போவதை அப்பகுதியார் ஒரு விசேஷமாகவே கருதுவதில்லை.

காஜிமார் தெருப் பள்ளிவாசலிலுள்ள மக்பராவும், திருப்பரங்குன்றத்து மலைமேல் சிக்கந்தரின் பெயரால் வழங்கும் தர்காவும் தனித்தனியே எழுதத் தக்கவை. ஆகவே இங்கே பெயர் சொல்லி நகர்கிறேன்.

காலத்தில் நானூறு வருஷம் தாண்டி, நகருக்கு மேற்கே சம்மட்டிபுரத்துக்கு வருவோம். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, கும்பினிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, தன் திறமையொன்றினாலேயே தளபதியாகி, 1759 முதல் மதுரைச் சீமையை நிர்வகித்தவர் கம்மந்தான் கான் சாகிபு என்னும் யூசுப்கான். பாளையப்பட்டுக்களின் கொள்ளையை அடக்கினார், கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியங்களை மீண்டும் நடக்கச் செய்தார். பின்னர் ஆற்காட்டு நவாபோடும் கும்பினியாரோடும் மாறுபட்டு, 1763இல் மதுரைக் கோட்டையை அடைத்துக்கொண்டு எதிர்த்தார். முதல் முற்றுகை தோற்றது. 1764இல் மறுமுறை சூழ்ந்தபோது, கோட்டைக்குள் உணவு அருகி, உடனிருந்தோரே துரோகம் செய்து, தொழுகை வேளையில் அவரைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். அவ்வருஷம் அக்டோபர் 15ஆம் நாள் மாலையில் சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதோடு அவருடைய பகைவர்களின் பயம் தீரவில்லை போலும். உடலை ஒரே இடத்தில் வைத்தால் மீண்டும் எழுந்து வருவார் என்று அஞ்சித் தலையைத் திருச்சிராப்பள்ளிக்கும், மற்ற அங்கங்களைப் பாளையங்கோட்டை, பெரியகுளம் முதலிய இடங்களுக்கும் அனுப்பினார்கள் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. உண்மை எவ்வாறாயினும், மிஞ்சிய உடல் தூக்கிலிட்ட இடத்துக்கு அருகிலேயே புதைக்கப்பட்டது. 1808இல் ஷேக் இமாம் என்பவர் அதன் மேல் சிறு சதுரமான பள்ளிவாசலொன்றைக் கட்டினார். கான் சாகிபு பள்ளிவாசல் என்றே அது இன்றும் வழங்குகிறது. 1808 என்னும் வருஷத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு ஒன்பது வருஷமும், மருதுபாண்டியரைத் தூக்கிலிட்டு ஏழு வருஷமுமே ஆகியிருந்த காலம். கும்பினியின் ஆதிக்கம் எதிர்ப்பின்றி நிலைபெற்றிருந்த சமயம். அப்போது அவர்களால் கலகக்காரனென்று கொல்லப்பட்ட ஒருவருக்கு நினைவாலயம் எழுப்ப ஒரு தனி மனிதருக்குத் துணிவு வேண்டியிருந்திருக்கும். பெரிய வாயிலோ, நகர்முழுதும் தெரியும் மினாராவோ அதற்கு இல்லை. தேனிச் சாலையின் பேருந்துச் சத்தத்துக்கு நடுவே அதைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போகிறவர்கள், பச்சைத் துணி போர்த்திய சமாதியின் தலைமாட்டில் ஊதுவத்தியின் சாம்பல் புதிதாக உதிர்ந்திருப்பதைக் காண்பார்கள்.

அவருக்குப் பின் ஐம்பது வருஷங் கழித்து மதுரைக்குக் கலெக்டராக வந்த ரௌஸ் பீட்டர் துரையின் கல்லறை புனித ஜார்ஜ் தேவாலயத்தில் உள்ளது. 1812 முதல் 1828இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தவர். மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி சமர்ப்பித்தவர். பீட்டர் பாண்டியன் என்று ஜனங்களால் அழைக்கப்பட்டவர். கோயிலை நோக்கிய திசையிலேயே தம் கண்கள் இருக்கும்படி அடக்கம் செய்யச் சொன்னார் என்பது மதுரையில் வழங்கும் கதை. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் வந்தபின், கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெருகின. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் கத்தோலிக்கக் குடும்பங்கள் புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்படித்து, செவ்வந்தியும் மெழுகுவத்தியுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெயர் பொறித்த கல்லே இல்லாமல் ஒரே குழியில் இடப்பட்டவர்களும் இந்தச் சீமையில் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ஊர் ஆண்களெல்லாம் கைரேகை வைக்க வேண்டுமென்பதை மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களின் மேல் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் மாண்டார்கள். உடல்களை உறவினரிடம் கொடுக்காமல் வண்டியிலேற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒன்றாகப் புதைத்தார்கள். நீர்மாலை எடுக்கவும், வாய்க்கரிசி இடவும், கோடி போர்த்தவும் பிள்ளைகள் இருந்தும் அவர்களுக்கு அது கிட்டவில்லை. கொலையைக் காட்டிலும் இந்தச் செய்கையே அந்த ஊராரின் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று என்று அப்பக்கத்து முதியவர்கள் சொல்வார்கள். ஊரில் பின்னர் எழுந்த நினைவுத் தூணில் இப்போது வருஷந்தோறும் அதே நாளில் மாலை சாற்றுகிறார்கள்.

இன்றைய நகரின் பெரிய மயானங்கள் வடகரையில் தத்தனேரியும் தென்புறத்தில் கீரைத்துறை மூலக்கரையுமாம். விறகும் எருவிராட்டியும் அடுக்கிய சிதைகளுக்கு அருகிலேயே மின்சார, எரிவாயு தகனமேடைகள் வந்துவிட்டன. ஆனாலும் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூத்த பிள்ளை மூன்று முறை சுற்றுவதும், ஒவ்வொரு சுற்றுக்கும் குடிமகன் அரிவாள் நுனியால் குடத்தில் ஒரு துளையிடுவதும், தண்ணீர் கோடாக வழிவதும், கடைசியில் திரும்பிப் பாராமல் குடத்தைப் பின்னே போட்டுடைப்பதும் இரும்புக் கதவின் முன்னால் அப்படியே நடக்கின்றன. மறுநாள் சாம்பல் அள்ளி வைகையில் கரைக்கப் போகிறவர்கள், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக் கரைக்கிறார்கள். 2021ஆம் வருஷத்துக் கொடுந்தொற்றின்போது சொந்தப் பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களைக் கவச உடையோடு இறக்கி, வாயில் தண்ணீர்கூட ஊற்ற நேரமின்றி இரவுபகலாகத் தகனம் செய்த மயானத் தொழிலாளர்களுக்கு இந்த நகரம் பட்டிருக்கும் கடன் பெரிது. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

கிராமங்களின் நிலைமை வேறு. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்தால், ஒரே ஊருக்கு இரண்டு, மூன்று, சில இடங்களில் அதற்கும் அதிகமான மயானப் புறம்போக்குகள், ஜாதிவாரியாகத் திசைக்கொன்றாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சிலவற்றுக்குத் தார்ச்சாலையும், கொட்டகையும், தண்ணீர்த் தொட்டியும் உண்டு. பட்டியல் சாதியார் மயானத்துக்கோ பல ஊர்களில் பாதையே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நெஞ்சளவு நீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கண்மாயைக் கடக்கிறார்கள், அல்லது நட்ட வயலின் வரப்பில் நடந்து வசை கேட்கிறார்கள். வேலூர்ப் பக்கம் நாராயணபுரத்தில் 2019இல் பாதை மறுக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலை இறக்கிய செய்தியை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில், பட்டியல் சாதியார் ஒருவர் ஊராட்சித் தலைவரானது பொறுக்காமல் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்ட முருகேசனும் அவரோடு மாண்டவர்களும் அடங்கியுள்ள விடுதலைக் களத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் ஜனங்கள் திரள்கிறார்கள். சாவிலும் ஒருவனைத் தள்ளிவைக்கிற ஊர் வழக்கத்தை நான் எந்தச் சமாதானம் சொல்லியும் ஏற்கமாட்டேன். காவிரிப்பூம்பட்டினத்தில் ஐவகை அடக்கமும் ஒரே கோட்டத்துக்குள் நடந்ததாகக் காவியம் சொல்லும்போது, இந்த நூற்றாண்டில் ஒரே கிராமத்துக்கு ஒரு மயானம் போதாது என்பது வெட்கத்துக்குரியது. ஜாதி வேற்றுமையின்றி ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் கிராமங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் பரிசளிக்கும் திட்டம் ஒன்று இப்போது நடைமுறையில் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் கிராமசபைகள் அந்தப் பரிசுக்காகவாவது இதைத் தீர்மானப் பொருளாக எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால், பாதையில்லாத மயானம் ஒவ்வொன்றுக்கும் எட்டடி அகலத்தில் ஒரு வழியை நிலவுடைமையாளரிடம் பேசி வாங்கி அடங்கலில் பதிவு செய்வது, எந்த ஊராட்சித் தலைவரும் ஒரு கோடைக்குள் முடிக்கக்கூடிய வேலை.

அடுத்த அத்தியாயத்தில், வழிப்போக்கர்கள் தங்கிய சாவடிகளையும் மங்கம்மாள் சத்திரத்தையும் பற்றிப் பார்ப்போம்.